கோட்டின் மேல் ஒரு வேப்பிலை

"இங்க இருக்கறத மட்டும் வச்சு சொல்லும்மா."

என் ஒன்றாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளையிடம் நான் இதைச் சொல்லி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. திட்டவில்லை, சிரித்த முகமாகத்தான் சொன்னேன். அதட்டியிருந்தால் மறுநாளே கூப்பிட்டுக் கொஞ்சிச் சரிக்கட்டியிருப்பேன். சிரித்துக்கொண்டே சொன்னதை எப்படிச் சரிக்கட்டுவது?

ஒன்றாம் வகுப்புக் கணக்கில் 'அமைப்புகள்' பாடம், அதாவது திரும்பத் திரும்ப வருகிற வரிசையைக் கண்டுபிடிப்பது. என்னிடம் ஒரு பழைய பிஸ்கட் டப்பா உண்டு, உள்ளே புளியங்கொட்டையும் சோழியும். தரையில் சாக்பீஸால் கோடு இழுத்து அதன்மேல் கொட்டை, சோழி, சோழி, கொட்டை என்று நான்கை வைத்தேன். அடுத்து என்ன வரும்?

எனக்கு வேண்டிய விடை சோழி. கொட்டை-சோழி-சோழி, கொட்டை-சோழி-சோழி என்று போகவேண்டும். அந்தப் பிள்ளை எழுந்து வாசலுக்குப் போனது. வேப்பமரத்தடியில் கிடந்த ஒரு இலையைப் பொறுக்கி வந்து ஐந்தாவதாக வைத்தது. ஓரத்தைக் கிள்ளிச் சின்னதாக்கி, காம்பு கோட்டின் மேல் படுகிற மாதிரி திருப்பியும் வைத்தது.

"இது என்னம்மா?"

"மரிக்கொழுந்து டீச்சர்."

மற்றப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவள் யாரையும் திரும்பிப் பார்க்காமல், "எங்கம்மா அப்பிடித்தான் கட்டும்" என்றாள்.

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். அவள் இலையை எடுத்து உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். இன்னொரு கை டப்பாவுக்குள் போய்க் கொட்டையைத் தொட்டது. என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன இருந்ததோ, கொட்டையை விட்டுவிட்டுச் சோழியை எடுத்தாள். நான் "சபாஷ்" என்றேன். வகுப்பே கைதட்டியது, சிரித்தவர்கள் உட்பட.

அந்தக் கைதட்டல்தான் இப்போதும் உறுத்துகிறது. அவள் கண்டுபிடித்தது சோழியை அல்ல, என் முகத்தை.

தப்பு என்னுடையது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. திரும்பத் திரும்ப வருகிற துண்டு இரண்டு தடவையாவது முழுசாக வராமல் 'அடுத்தது என்ன' என்று கேட்கக் கூடாது. மூன்று தடவை வந்தால் இன்னும் நல்லது. நான் வைத்தது ஒரு முழுத் துண்டும், அடுத்த துண்டில் மூன்றில் ஒரு பங்கும்தான். அந்த நான்குமே சேர்ந்து ஒரு துண்டு என்றால் அடுத்து வருவது கொட்டை. அவள் முதலில் தொட்டதும் அதைத்தான். கனகாம்பரம், மல்லி, மல்லி, கனகாம்பரம், பிறகு மரிக்கொழுந்து என்று ஒரு கதம்பச் சரம் போனால் வேப்பிலையும் சரி. நான் வைத்த எதையும் அவள் விடை பொய்யாக்கவில்லை. சோழிக்குப் பஞ்சமும் இல்லை, டப்பா நிறையக் கிடந்தது. பார்வைக்கு வந்தவர் பின்னால் உட்கார்ந்திருந்தார், சாப்பாட்டு மணி அடிக்கிற நேரம். அவசரம், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று. ஆறு வயதுப் பிள்ளைகளிடம் எல்லாமே சரி என்று சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? அதே வகுப்பில் ஒரு பையன், எதைக் கொடுத்தாலும் கொட்டை-சோழி, கொட்டை-சோழி என்று மாற்றி மாற்றித்தான் வைப்பான். முதலில் படித்தது அதுதான், அதிலேயே நின்றுவிட்டான். இன்னொருத்தி வந்த வழியே பின்னோக்கிப் போவாள். அவர்களிடமும் 'ஆமாம், அப்படியும் இருக்கலாம்' என்று தலையாட்டினால் அமைப்பு என்றால் என்ன என்பதே பிடிபடாது. தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022-இல் வந்ததிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று கற்றல் நிலைப் பிள்ளைகளும் ஒரே அறையில். ஒவ்வொருவரிடமும் 'ஏன் அப்படி வச்ச' என்று கேட்டால் பாடவேளையே போய்விடும்.

இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். எல்லோரிடமும் கேட்க முடியாது, சரி. அவள் ஒருத்தியிடம் கேட்டிருக்கலாமே? 'அதுக்கப்புறம் என்னம்மா வரும்?' என்று ஒரு கேள்வி. திரும்பவும் கொட்டை, சோழி, சோழி, கொட்டை என்று வைத்து மறுபடி இலைக்குப் போயிருந்தால் அவளிடம் அமைப்பு இருந்தது என்று அர்த்தம். சும்மா பச்சை ஆசைக்கு வைத்திருந்தால் அதுவும் தெரிந்திருக்கும்.

மறுநாள் அவள் தலையில் கதம்பம். அம்மா நிலக்கோட்டைச் சந்தை வியாபாரிக்குப் பூக்கட்டுகிறவர். கட்டி மிஞ்சியது பிள்ளைக்கு. அவள் குனிந்து எழுதும்போது பக்கத்தில் நின்று, யாரும் பார்க்காமல் எண்ணினேன். ஓரிடத்தில் இரண்டு மரிக்கொழுந்துக்கு நடுவே நாலு கண்ணி, அடுத்து ஆறு, அதற்கடுத்து மறுபடி நாலு. மல்லி ஓரிடத்தில் இரண்டு கண்ணி, ஓரிடத்தில் மூன்று.

அவள் அம்மா பள்ளிக்கு வந்தபோது பேச்சோடு பேச்சாகக் கேட்டும் பார்த்தேன், கதம்பத்துக்குக் கணக்கு ஏதும் உண்டா என்று.

"கணக்கு என்ன டீச்சர், கை போற போக்குதான். மரிக்கொழுந்து வெல ஏறுனா தள்ளித் தள்ளி வைப்போம்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கம்தான், ஆனாலும் நிம்மதி. அப்படியானால் அவள் வைத்தது அமைப்பே இல்லை, ஞாபகம் மட்டும்தான் என்று ஒரு சாயங்காலம் முழுக்க நினைத்துக்கொண்டேன். இரவு படுத்த பிறகு வேறு மாதிரி தோன்றியது. கணக்கில்லாமல் கட்டுகிற சரத்தைப் பார்த்துப் பார்த்து, அதில் ஒரு கணக்கை அந்தப் பிள்ளையே கண்டெடுத்திருந்தால்? அது பெரிய விஷயமில்லையா? இப்போது அவளிடம் கேட்டால், நான் எதைக் கேட்க விரும்புகிறேனோ அதைத்தான் சொல்வாள்.

அவள் இப்போது மூன்றாம் வகுப்பு. அமைப்பு, எண் வரிசை எதைக் கொடுத்தாலும் சரியாகப் போடுகிறாள். போடுவதற்கு முன்னால் ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கிறாள். முன்பும் அப்படித்தான் பார்த்தாளோ, நான்தான் கவனிக்கவில்லையோ.

இப்போதெல்லாம் ஒன்பதுக்குக் குறைந்து வைப்பதில்லை. வைத்த பிறகு தட்டு-சொடக்கு-சொடக்கு என்று கையாலும் போடச்சொல்கிறேன். போன வாரம் புது ஒன்றாம் வகுப்பில் ஒரு பையன் பேனா மூடி ஒன்றை எடுத்துக்கொண்டு கோட்டுக்குப் பக்கத்தில் வந்தான். என் வாய் தானாக, "இங்க இருக்கறத மட்டும்..." என்று ஆரம்பித்துவிட்டது. பாதியில் நிறுத்தி, "இத எங்கப்பா வைக்கணும்?" என்று குனிந்து கேட்டேன்.

அவன் ஒன்றும் புரியாமல் மூடியை என்னிடம் நீட்டினான்.

"கீழ கெடந்துச்சு டீச்சர். உங்களுதா?"