விளையாட்டுக்குப் பணம் கொடுக்கும் முன் ஓர் எஸ்டிமேட்

பலரிடம் முன்பணம் திரட்டும் கூட்டுநிதித் தளங்களான கிக்ஸ்டார்ட்டரிலோ கேம்ஃபவுண்டிலோ புதிய விளையாட்டு ஒன்றின் பக்கத்தைத் திறந்தால் நான் நேராகக் கீழே போய்விடுவேன். மேலே ஓடும் வீடியோவையும் டிராகன் ஓவியங்களையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எனக்கு முதலில் வேண்டியது, பெட்டிக்குள் என்னென்ன வரும் என்ற பட்டியல். எத்தனை சீட்டு, என்ன அளவு, அட்டை எத்தனை மில்லிமீட்டர், விதிப்புத்தகம் எத்தனை பக்கம், பைண்டிங் எப்படி. இந்தப் பட்டியல் தெளிவாக இருந்தால் பெட்டி வந்து சேரும் என்ற நம்பிக்கை எனக்குப் பாதி வந்துவிடும்.

சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் எஸ்டிமேட் போடுவது என் வேலை. காலண்டர், டைரி, லேபிள், சீட்டுக்கட்டு, நோட்டு அட்டை என்று எது வந்தாலும் பேப்பர் எத்தனை ரீம், பிளேட் எத்தனை செட், லேமினேஷன், டை கட்டிங், ஒட்டுக்கூலி, வேஸ்டேஜ் எல்லாவற்றையும் கூட்டி, பிரதி ஒன்றுக்கு இவ்வளவு என்று வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டும். போர்டு கேம்களும், ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிக் கதையை நடத்தும் ரோல்பிளேயிங் விளையாட்டுகளும் என் வாழ்க்கைக்குள் வந்தது கல்லூரித் தோழி ஒருத்தி மூலம். வேலை, விளையாட்டு இரண்டும் என் மனத்தில் இன்று ஒன்றாகவே ஓடுகின்றன. நல்ல பெட்டி ஒன்றைத் திறக்கும்போது முதலில் அட்டையின் ஓரத்தைத்தான் விரலால் தடவிப் பார்க்கிறேன்.

புதிதாக வருபவர்களுக்கு முறையைச் சொல்லிவிடுகிறேன். கிக்ஸ்டார்ட்டர் 2009-இல் தொடங்கியது. விளையாட்டு அச்சாகும் முன்பே, அதை உருவாக்குபவர் தனக்கு எவ்வளவு பணம் வேண்டும் என்று ஓர் இலக்கு வைக்கிறார். குறித்த நாளுக்குள் இலக்கு எட்டப்பட்டால்தான் நம் கார்டிலிருந்து பணம் எடுக்கப்படும். எட்டப்படாவிட்டால் யாருக்கும் எதுவும் இல்லை. திரண்ட தொகையில் தளம் 5 சதவீதம் எடுத்துக்கொள்கிறது, கார்டு கட்டணம் அதற்கு மேல். மீதியில்தான் ஓவியருக்குக் கூலி, அச்சு, கப்பல், வரி, கிடங்கு, வீடு வீடாக அனுப்பும் செலவு எல்லாம். பக்கத்தின் உச்சியில் ஏறிக்கொண்டே போகும் அந்த எண்ணை லாபம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது, செய்துகொடுக்க வேண்டிய வேலையின் அளவு.

2015-இல் எக்ஸ்ப்ளோடிங் கிட்டன்ஸ் என்ற சீட்டு விளையாட்டு 10,000 டாலர் இலக்கோடு வந்தது. 2,19,382 பேர் சேர்ந்து 87 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். அவ்வளவு பேருக்குக் கடன்பட்ட எந்தத் திட்டமும் திணறிப்போகும் என்றுதான் தோன்றும். ஆனால் அதே ஆண்டு ஜூலையில் பெட்டிகள் கிளம்பிவிட்டன. பொருளைப் பாருங்கள்: 56 சீட்டு, கையடக்கமான ஒரு பெட்டி. வழக்கமான அளவுச் சீட்டுகள் ஐம்பத்துச் சொச்சம் மெஷினில் ஓடும் ஒரே பெரிய ஷீட்டில் அடங்கிவிடும். மெஷினில் கலர் ஒருமுறை சரியாக அமைந்துவிட்டால், அதன் பிறகு பேப்பர் ஓட ஓடப் பிரதிக்கான செலவு இறங்கிக்கொண்டே வரும். கூட்டம் கூடினால் லாபம் கூடும் பொருள் அது.

கூட்டம் கூடக் கூடச் செலவும் கூடிக்கொண்டே போகும் பொருள்களும் இருக்கின்றன. அங்கேதான் ஸ்ட்ரெச் கோல் என்ற வழக்கத்தின் மேல் எனக்குக் கோபம் வருகிறது. இத்தனை ஆயிரம் டாலர் தாண்டினால் இன்னும் ஐந்து சீட்டு, இவ்வளவு தாண்டினால் ஒரு புது அரக்கன், அதற்கும் மேல் போனால் இரண்டாவது வரைபடம் என்று அடுக்குகிறார்கள். ஐந்து சீட்டு என்பது கேட்க மிகச் சிறியது. ஷீட் ஏற்கெனவே நிறைந்திருந்தால் அந்த ஐந்து சீட்டுக்காக இன்னொரு ஷீட், இன்னொரு செட் அச்சுப் பிளேட், டையில் இன்னொரு முறை வெட்டு. சீட்டுக்கட்டு தடித்தால் பெட்டியின் உள் தட்டு மாறும். தட்டு மாறினால் பெட்டியின் உயரம் மாறும். உயரம் மாறினால் ஒரு கார்ட்டனில் அடங்கும் பெட்டிகளின் எண்ணிக்கை குறையும். மேசையில் நிறுத்தும் குட்டிப் பிளாஸ்டிக் பொம்மையான மினியேச்சர் என்றால் ஒவ்வொரு புது உருவத்துக்கும் எஃகு அச்சு வெட்ட வேண்டும். கூரியர்காரர் எடையை மட்டும் பார்ப்பதில்லை, நீள அகல உயரத்தைப் பெருக்கி 5000-ஆல் வகுத்து, எது பெரிதோ அதற்குப் பில் போடுவார். உற்சாகத்தில் இலவசமாகக் கொடுத்த அரக்கன் ஒவ்வொரு பார்சலிலும் இடம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

இதைப் புரிந்து செய்தவர் என்று குளூம்ஹேவன் என்ற போர்டு கேமை உருவாக்கிய ஐசக் சில்ட்ரெஸை நான் மதிக்கிறேன். அவருடைய செஃபலோஃபேர் கேம்ஸ் நிறுவனம் 2015-இல் அதை முதல் முறையாகக் கிக்ஸ்டார்ட்டருக்குக் கொண்டுவந்தது. பத்துக் கிலோ அளவுக்குக் கனக்கும் பெட்டி, கதைக்களங்கள் 95. அவ்வளவு பெரிய விளையாட்டிலும் நாயகர்கள் மட்டுமே மினியேச்சர். அரக்கர்கள் எல்லாரும் தாங்கியில் நிற்கும் அச்சிட்ட அட்டைகள். நூற்றுக்கணக்கான அரக்கர்களைப் பிளாஸ்டிக்கில் வார்த்திருந்தால் அந்தப் பெட்டி யாருக்கும் கட்டுப்படியாகியிருக்காது. தடித்த அட்டையில் நல்ல ஓவியத்தை அச்சிட்டு, விளிம்பு பிசிறாமல் டையில் வெட்டினால் மேசையில் அது அழகாகவே நிற்கும். 2017-இல் மறு அச்சுக்காக மறுபடி வந்தபோது ஏறத்தாழ 40 லட்சம் டாலர் திரண்டது.

அதன் அடுத்த விளையாட்டு ஃப்ராஸ்ட்ஹேவன். 2020 வசந்தத்தில் 83,193 பேர், கிட்டத்தட்ட 1.3 கோடி டாலர். 2021 மார்ச்சில் அனுப்புவதாகத் திட்டம். இடையில் கொரோனா. 2021 செப்டம்பரில் நாற்பது அடி கன்டெய்னர் ஒன்றின் வாடகை உலக முக்கிய வழித்தடங்களில் சராசரியாக 10,000 டாலரைத் தாண்டியது. தொற்றுக்கு முன்னால் இருந்ததைப் போல அது பல மடங்கு. ஒரு கன்டெய்னரில் கொள்ளும் பெட்டிகளின் எண்ணிக்கை மாறப்போவதில்லை, ஆகவே முழு ஏற்றமும் பிரதியின் தலையில் விழும். பெட்டிகள் வந்து சேர 2022 கடைசியும் 2023-உம் ஆயின. அந்தத் தாமதத்தை நான் அச்சக வழக்கப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்: ஆர்டர் எடுத்த நாளின் பேப்பர் விலை டெலிவரி நாளில் இருப்பதில்லை. 2025 ஏப்ரலில் அமெரிக்கா சீனப் பொருள்கள்மேல் 145 சதவீதம் வரை வரி போட்டபோதும் இதே கதைதான். விளையாட்டுகளில் பெரும்பகுதி சீன ஆலைகளில்தான் தயாராகிறது. மக்களிடம் பணம் முன்பே வாங்கியாகிவிட்டது, பெட்டிகள் ஆலையில் அடுக்கிக் கிடந்தன, துறைமுகத்தில் வரி பொருளின் விலையைத் தாண்டி நின்றது. மே மாதம் அது 30 சதவீதமாக இறங்கும்வரை சிறிய நிறுவனங்கள் பட்ட வேதனை எனக்கு நன்றாகவே புரிந்தது.

இவை எல்லாம் சூழ்நிலை. வேறு விதமும் உண்டு. 2012-இல் ‘தி டூம் தட் கேம் டு அட்லான்டிக் சிட்டி’ என்ற போர்டு கேமுக்காக 1,246 பேர் 1,22,874 டாலர் கொடுத்தார்கள். கேட்டது 35,000 மட்டுமே. அடுத்த ஆண்டு, திட்டத்தை நடத்தியவர் ரத்து என்று அறிவித்தார். பெரும்பகுதிப் பணம் வீட்டு வாடகை, இடமாற்றம் போன்ற அவருடைய சொந்தச் செலவுக்குப் போனது என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2015-இல் குற்றம் சாட்டியது. கூட்டுநிதி தொடர்பாக அந்த ஆணையம் எடுத்த முதல் நடவடிக்கை அதுதான். விளையாட்டை வடிவமைத்த கீத் பேக்கருக்கும் லீ மாயருக்கும் இதில் எந்தப் பங்கும் இல்லை, அவர்களும் பாதிக்கப்பட்டவர்களே. கடைசியில் கிரிப்டோசோயிக் என்ற நிறுவனம் அதைத் தானே அச்சிட்டு, பணம் கொடுத்தவர்களுக்கு இலவசமாகவே அனுப்பிவைத்தது. அச்சுத் தொழிலில் இருப்பவள் என்ற முறையில் அந்தச் செய்கையை நான் பெரிதாக நினைக்கிறேன். அடுத்தவர் தவறவிட்ட வேலையை எடுத்துத் தன் பேப்பரில் அடித்துக் கொடுக்க எத்தனை பேர் முன்வருவார்கள்?

நானும் தோழியும் சேர்ந்து ஆதரித்த ஒரு மினியேச்சர் விளையாட்டில், பணம் கட்டி நெடுநாள் கழித்து, கூடுதல் தொகை தந்தால்தான் பெட்டி வரும் என்று கடிதம் வந்தது. கன்டெய்னர் வாடகை ஏறியது உண்மை, அதைச் சொல்லிக் கேட்டிருந்தால் மனமாரக் கொடுத்திருப்பேன். கணக்கைக் காட்டாமல் கேட்டதுதான் எனக்கு ஆறவில்லை. எங்கள் அச்சகத்தில் ரேட் ஏற்றினால் பேப்பர் ஆலை அனுப்பிய விலைக்கடிதத்தை வாடிக்கையாளர் மேசையில் வைத்துவிட்டுத்தான் பேசுவோம்.

என் பணத்தில் பெரும்பகுதி இப்போது போவது சிறிய புத்தகங்களுக்கு. ரோல்பிளேயிங் விளையாட்டுக்கு ஒரு புத்தகம், சில பகடைகள், பேசத் தெரிந்த நண்பர்கள் போதும். 2019 பிப்ரவரியில் சிறிய ரோல்பிளேயிங் புத்தகங்களுக்காகக் கிக்ஸ்டார்ட்டர் ஜைன்குவெஸ்ட் என்று ஒரு வழக்கத்தைத் தொடங்கியது. அப்போதைய விதி: A5 அளவு, ஒற்றை நிறம், மடித்துச் சென்டர் பின் அடித்த சிறு புத்தகம். உள்ளே ஒரு விளையாட்டோ, ஒரு நிலவறையோ, ஓர் ஊரோ. அந்த விதிகளைப் படித்தபோது ஓர் அச்சகக்காரர்தான் எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றியது. ஒற்றை நிறம் என்றால் நான்கு பிளேட்டுக்குப் பதில் ஒன்று. சென்டர் பின் என்றால் பக்கங்கள் நான்கின் மடங்கில் வர வேண்டும். அளவுக்கு மேல் எழுதிக்கொண்டே போக முடியாது. அப்படிப் புத்தகத்தில் சொற்பச் செலவே பிடிப்பதால், எழுதியவர் துணிந்து விசித்திரமான உலகங்களை உருவாக்குகிறார். பேயோட்டும் உப்பளத் தொழிலாளர்களின் கதையை நூறு டாலர் பெட்டியாகக் கொண்டுவர எந்த நிறுவனமும் துணியாது. பின் அடித்த புத்தகமாக என்றால் யாராவது ஒருவர் எழுதிவிடுவார்.

அச்சையே விளையாட்டின் பகுதியாக ஆக்கிய புத்தகமும் ஒன்று உண்டு: ஸ்வீடனின் மோர்க் போரி. பெல்லே நில்சன் எழுத, யோஹான் நோர் வரைந்து வடிவமைத்தார். 2019-இல் கிக்ஸ்டார்ட்டரில் நிதி திரட்டி, 2020-இல் ஃப்ரீ லீக் என்ற பதிப்பகம் வெளியிட்டது. கண்ணைக் கூச வைக்கும் மஞ்சள், கறுப்பு, இடையிடையே ரோஸ். ஒரு பக்கத்தின் எழுத்துரு அடுத்த பக்கத்தில் இல்லை. அழியப்போகும் உலகத்தின் கதையை அந்த மஞ்சளே சொல்லிவிடுகிறது. அந்த நிறத்தை வழக்கமான நாலு கலர் அச்சின் மஞ்சளால் கொண்டுவர முடியுமா, தனி மையாகத்தான் ஓட்ட வேண்டுமா என்று எங்கள் மெஷின்மேனிடம் காட்டிக் கேட்டபோது அவர் புத்தகத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இதில் இன்னொரு பெருந்தன்மை, படங்கள் இல்லாத விதிகளை மட்டும் இலவச பிடிஎஃப் ஆகக் கொடுத்திருக்கிறார்கள். பிடித்தால் புத்தகத்தை வாங்கு என்பதே அவர்கள் நிலை.

பிடிஎஃப் என்பது இந்தியாவில் இருக்கும் நமக்குச் சாதாரண விஷயம் இல்லை. பெரிய பெட்டிகளுக்கு அனுப்பும் நாடுகளின் பட்டியலில் நம் நாடு பல சமயம் இருப்பதே இல்லை. இருந்தாலும் அனுப்பும் செலவு விளையாட்டின் விலையைத் தொட்டுவிடும். பிறகு கூரியர் நிறுவனம் அடையாளச் சான்று கேட்கும், சுங்கவரி கட்டச் சொல்லும். ரோல்பிளேயிங் புத்தகம் என்றால் பிடிஎஃப் மட்டும் பெறும் நிலையில் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டு அன்றைக்கே படிக்கலாம். ஞாயிறு இரவுகளில் நாங்கள் நால்வர் ஆன்லைனில் ஆடுகிறோம். விதி ஆங்கிலத்தில் இருக்கும், கதை தமிழில் நடக்கும். சத்திரக்காரன், கொள்ளைக்காரி, கிணற்றடிப் பேய் எல்லாரும் எங்கள் ஊர்ப் பேச்சைத்தான் பேசுவார்கள். மதுரைத் தோழி அம்மன் கோவில் பூசாரி ஒருத்தியாக ஆடுகிறாள், அவள் பகடையை உருட்டுமுன் நேர்ந்துகொள்ளும் நேர்ச்சைகளைக் கேட்கவே நான் அந்த இரவுக்காகக் காத்திருப்பேன்.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. கிக்ஸ்டார்ட்டரில் திட்டம் தொடங்கக்கூடிய நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. இங்கிருக்கும் ஒருவர் வெளிநாட்டில் கம்பெனி வைத்தோ, அங்கே ஒரு கூட்டாளியைப் பிடித்தோதான் போக வேண்டும். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். தமிழில் சிறிய ரோல்பிளேயிங் புத்தகம் எழுதி வைத்திருப்பவர்கள், நண்பர்களிடம் முன்பணம் வாங்கியே முந்நூறு பிரதி அடிக்கலாம். எனக்கு எழுதுங்கள், எஸ்டிமேட் நான் போட்டுத் தருகிறேன். பக்கங்களை நான்கின் மடங்கில் முடியுங்கள். சுற்றிலும் மூன்று மில்லிமீட்டர் பிளீடு, அதாவது வெட்டும்போது போகும் ஓரம், விடுங்கள். கறுப்பு எழுத்தை நான்கு கலரில் பிரிக்காமல் ஒற்றைக் கறுப்பில் வையுங்கள். சீட்டு வேண்டுமென்றால் ஐம்பத்து நான்கில் நிறுத்த முடியுமா என்று பாருங்கள். தீபாவளி முடிந்து புத்தாண்டு வரை காலண்டர் வேலையில் மெஷின் ஓயாது, ஆகவே ஃபைலை ஜனவரி கடைசியில் அனுப்புங்கள்.