கூட்டுக்குள் சும்மா இருக்கிற வேலை

2024 செப்டம்பர் 7, சனி

மட்டக்களப்பு, செங்கலடிப் பக்கம் வயல் வாடி (காவல் குடிசை) ஒன்றில் கிடந்த பெட்டை நாயை நேற்று எங்கள் நாய்க் காப்பகத்துக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள். அறுவடை முடிந்து வாடியைக் காலி பண்ணிப் போனவர்களுக்கு, காவலுக்குக் கட்டியிருந்ததை அவிழ்த்துவிட மனம் வரவில்லை. கட்டியதும் கயிற்றால் இல்லை, கம்பியால். கழுத்துத் தோல் வெட்டுப்பட்டுப் புழு வைத்திருந்தது. மிருக வைத்தியர் துப்புரவாக்கி மருந்து போட்டார். சொறிக்கு ஊசி, விசர்நாய்த் தடுப்பூசி எல்லாம் ஆயிற்று. செம்மண் நிறம், அதனால் செம்பி.

கூட்டின் பின்மூலையில் முகத்தைச் சுவரோடு வைத்துக்கொண்டு கிடக்கிறது. புதிதாக உதவிக்கு வரும் தம்பி, "எவ்வளவு அமைதியான நாய், பாருங்க அக்கா" என்றான். அமைதியான நாய் சாப்பிடும், காதைத் திருப்பும், ஆள் வந்தால் மோந்து பார்க்கும். இது பயத்தில் உறைந்து கிடக்கிறது. தூக்கம் வராமலே கொட்டாவி விடுகிறது, சும்மா சும்மா மூக்கை நக்குகிறது, தலையைத் திருப்பாமல் கண்ணின் வெள்ளை தெரிய எங்களைப் பார்க்கிறது. குரைக்கிற நாய் 'கிட்ட வராதே' என்று முதலிலேயே சொல்லிவிடும். இது சொல்லாது. கையை நீட்டினால் நேரே கடிதான்.

செப்டம்பர் 14

கூட்டுக்குள் பலகை போட்டு, செம்பிக்குப் பக்கவாட்டாக உட்கார்ந்து பேப்பர் வாசித்தேன், கொஞ்சம் சத்தமாக. பேப்பர் முழுக்க ஜனாதிபதித் தேர்தல்தான். நேருக்கு நேர் கண்ணைப் பார்ப்பதும், தலைக்கு மேலே குனிவதும் நாய்க்கு மிரட்டல். அதனால் இந்த வேலையில் பாதி, சும்மா இருப்பதுதான். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நாங்கள் சம்பளமில்லாத சோம்பேறிகள்.

அவித்த கோழி ஈரலைச் சின்னத் துண்டுகளாக்கி எறிகிறோம். எங்கள் பக்கம் இழுக்கிற மாதிரி எறிவதில்லை, நாய்க்குப் பின்னால் விழுகிற மாதிரி. தம்பிக்கு இது விளங்கவில்லை. பசியில் கையருகே வந்த நாய், துண்டை விழுங்கியதும்தான் எவ்வளவு கிட்ட வந்துவிட்டோம் என்று உணரும். அந்தப் பதற்றத்தில்தான் கடி விழுகிறது. பின்னால் விழுந்தால் தின்னவும் விலகவும் ஒரே வழி. மறுபடி கிட்ட வருவதா என்பது அதன் விருப்பம்.

செப்டம்பர் 21

காலையில் வாக்குப் போட்டுவிட்டுப் போனேன். நான் இருக்கும்போதே செம்பி முதல்முறையாகச் சோறு தின்றது. இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை ஊரடங்கு என்று அறிவித்திருக்கிறார்கள். காவல்கார ஐயா அங்கேயே படுப்பதால் காலைச் சோற்றுக்குப் பிரச்சினை இல்லை.

செப்டம்பர் 28

உலக விசர்நாய்க்கடி தினம். லூயி பாஸ்டர் 1895இல் இறந்த நாள் இது. புதிதாக வந்த பிள்ளைகளுக்குச் சொன்னது இவ்வளவுதான்: பல் பட்டால், சின்னக் கீறலானாலும், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவு, பிறகு நேரே ஆஸ்பத்திரிக்குப் போ. மஞ்சளும் வேண்டாம், கோப்பித்தூளும் வேண்டாம். நாய்க்கு ஊசி போட்டாயிற்றுதானே என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது.

அக்டோபர் 5

செம்பி என் உள்ளங்கையில் வைத்து ஈரல் தின்றது. வாலும் கொஞ்சம் அசைந்தது. எல்லாரும் போன் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். அந்த நேரம் காவல்கார ஐயா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, விளக்குமாற்றுத் தடியோடு உள்ளே வந்தார். செம்பி நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்துவிட்டு மூலைக்கு ஓடியது.

ஆக, செம்பி பழகியது என்னோடு மட்டும். மனிதரோடு இன்னும் இல்லை. பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மாதம் வரைக்கும் பலவித ஆட்களைக் காணாமல் வளர்ந்த நாய்க்கு ஒவ்வொரு புது ஆளும் புதுப் பயம். அதற்கு மேல் வாடியில் என்ன நடந்ததோ, யார் தடி எடுத்தாரோ. என்னை மட்டும் நம்புகிற நாயை எந்த வீட்டுக்குக் கொடுப்பது?

அடுத்த கிழமையிலிருந்து ஈரல் ஐயாவின் கையில். நான் வெளியே. கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான், இருக்கட்டும்.

அக்டோபர் 19

மழை தொடங்கிவிட்டது. தகரக் கூரையில் அது போடும் சத்தத்துக்கு மற்ற நாய்கள் எல்லாம் ஊளையிடுகின்றன.

ஐயா முதலில் ஒப்பவில்லை. "என்னகா புள்ள, சோத்தப் போட்டா தன்னால வரும்தானே? மறுகா எதுக்கு இவ்வளவு பாடு?" இப்போது தினமும் பின்னேரம் போய்ப் பலகையில் குந்தி வெற்றிலை போடுகிறார். தடியைக் கூட்டுக்கு வெளியே சாத்தி வைத்திருக்கிறார். செம்பி ஐயாவின் சாரத்தை மோந்து பார்க்கிறதாம். ஐயா சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டும்!

கழுத்துப்பட்டி செம்பிக்கு ஆகாது, தழும்பு இன்னும் மென்மை. மார்போடு மாட்டுகிற பட்டிதான். அதைத் தரையில் போட்டுப் பக்கத்தில் ஈரலை வைக்கிறோம், மாட்டுவது அப்புறம்.

அக்டோபர் 26

வியாழன் தீபாவளி. வெடிக்கு முன்னேற்பாடாகச் செம்பியைக் கடைசி அறைக்கு மாற்றி, யன்னலுக்குச் சாக்குக் கட்டி, பழைய ரேடியோவையும் வைத்தாயிற்று. ஒரு பெரிய பயத்துக்குப் பிறகு உடம்பு தணிய நாட்கள் எடுக்கும். அதனால் அடுத்த கிழமை பாடம் எதுவும் இல்லை.

வந்தாறுமூலையிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. தகப்பன் கேட்டார், "வளவுக்குக் காவல் காக்குமா?"

"இப்ப காக்காது. கட்டிப் போடவும் கூடாது."

யோசித்தார். மகள் அதற்குள் கூட்டுக்கு முன்னால் குந்திவிட்டாள், யாரும் சொல்லாமலே பக்கவாட்டாக. தீபாவளி கழிந்து ஒரு கிழமை விட்டு வருகிற சனிக்கிழமை குடும்பத்தோடு வாருங்கள், பிள்ளையும் நீங்களும் ஆளுக்கொரு பலகையில் உட்கார வேண்டியிருக்கும் என்றேன்.

"நானுமா?"

"நீங்கள்தான் முக்கியம், அண்ணன். சாரத்தோடயே வாங்க."