ஒரே மத்தளத்தில் இரண்டு கூத்து

பிரதேச செயலகமொன்றில் கலாசார உத்தியோகத்தராகப் பணியாற்றிய காலத்தில், யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரையோரக் கிராமம் ஒன்றில் அம்மன் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் இடையே எழுந்த ஒலிபெருக்கிப் பிணக்கு என்னிடம் வந்தது. கோயில் திருவிழாவும், ஓகஸ்ட் 15 ஆம் திகதி மாதாவின் விண்ணேற்புப் பெருவிழாவும் அவ்வாண்டு நெருங்கி வந்ததால், நவநாள் மன்றாட்டின்போது நாதஸ்வரமும் பூசையின்போது தேவாலயப் பாட்டும் ஒன்றையொன்று அமுக்கின. எல்லாச் சமயங்களும் அன்பையே போதிக்கின்றன என்று முதற் கூட்டத்தில் நான் பேசினேன். இரு தரப்பாரும் மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் மாலை சத்தம் இன்னும் கூடியது.

வழி தற்செயலாகவே கிடைத்தது. பிரதேச மலருக்காகக் கூத்துப் பாடல்களைச் சேகரிக்கப் போனபோது, கூத்துப் பழக்கும் முதிய அண்ணாவியார் ஒருவர் தம் கொப்பிகளை எடுத்து வைத்தார். கோயில் வீதியில் ஆடப்பட்ட காத்தவராயன் சிந்துநடைக் கூத்தும், தேவாலய முன்றலில் ஆடப்பட்ட, கத்தோலிக்கப் புனிதர் ஒருவரின் கதையான எஸ்தாக்கியார் கூத்தும் அவர் கையெழுத்திலேயே இருந்தன. “இரண்டுக்கும் ஒரே மத்தளம்தான், பிள்ளை. தோல் கிழிஞ்சால் இரண்டு பக்கமும் காசு போடுவினம்” என்றார்.

கொப்பிகளைப் படியெடுக்க இரு பகுதி இளைஞரையும் அழைத்தேன். சமாதானம் என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்த்தேன். பேரரசனைக் குறிக்கும் ‘எம்பரதோர்’ என்ற போர்த்துக்கேயச் சொல் கோயில் பகுதிப் பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. சிந்தின் நடை தேவாலயப் பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை. மற்றப் பகுதியின் பெரியவர்களிடம் போய்க் கேட்காமல் எவராலும் தம் பக்கத்தை முடிக்க இயலாது என்ற நிலையே, என் பேச்சு செய்யாததைச் செய்தது.

ஆனால் மரபு இனிமையானது மட்டுமன்று. ஒருநாள் கோயில் பரிபாலன சபையைச் சேர்ந்த பெரியவர், “நல்லூரை இடிச்சது ஆர்?” என்று கேட்டார். 1621 இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் தெ ஒலிவேரா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்ததை மழுப்பிப் பேச எனக்கு மனம் வரவில்லை. பங்குத்தந்தையும், “அது நடந்தது, ஐயா, அதை நாங்களும் சொல்லத்தான் வேணும்” என்றார். அந்த ஒப்புதலுக்குப் பிறகுதான் பெரியவர் தாமாகவே ஆறுமுக நாவலரின் பேச்சை எடுத்தார். பீற்றர் பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து விவிலியத்தைத் தமிழாக்க உழைத்தவரே, 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி மிஷனரிமாரின் மதமாற்றத்தை எதிர்த்து நின்றவர் என்பதை அன்று பல இளைஞர் முதன்முறையாகக் கேட்டனர். கொள்கையில் விட்டுக்கொடுக்காமலே ஒரு மேசையில் இருந்து வேலை செய்யலாம் என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று எனக்குத் தெரியாது.

ஒலிபெருக்கி நேரங்களைக் கோயில் தர்மகர்த்தாவும் தேவாலய மூப்பரும் தாமே எழுதிக் கையொப்பமிட்டனர். மதமாற்றம் பற்றிய மனக்கசப்பு தீரவில்லை. அதைத் தீர்த்துவிட்டதாக என் அறிக்கையில் நான் எழுதவுமில்லை.

காத்தவராயன் கொப்பியின் கடைசிப் பக்கங்களைக் கரையான் அரித்திருந்தது. அந்தப் பாட்டுகளை மனப்பாடமாக வைத்திருந்தவர், தேவாலயத்துக்குப் பின்னால் குடியிருந்த கத்தோலிக்க மூதாட்டி ஒருவர். நான் இடமாற்றம் பெற்றுப் போன வாரத்தில், கோயில் பகுதிப் பையன்கள் இருவர் அவர் வீட்டுத் திண்ணையில் இருந்து அவற்றைக் கைப்பேசியில் பதிவுசெய்துகொண்டிருந்தார்கள்.