ஸ்கேனில் ஒன்றுமில்லை, சோர்வு மட்டும் போகவில்லை

மியான்மரின் யங்கோனில் (பழைய ரங்கூன்) சூலே பகோடா பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. 4-வது மாடி, லிஃப்ட் கிடையாது, படிகள் செங்குத்து. 2023 ஏப்ரலில் கரண்ட் போன ஒரு ராத்திரி இருட்டில் கால் வழுக்கி, பின்மண்டை படி விளிம்பில் மோதியது. நினைவு தப்பவில்லை. ஆனால் இரண்டு முறை வாந்தி வந்ததால் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதில் தாமதிக்கவே கூடாது. சிடி ஸ்கேன் எடுத்துவிட்டு, "ஒன்றுமில்லை, ஒரு வாரத்தில் சரியாகிவிடும்" என்று அனுப்பினார்கள்.

தலைவலி ஒரு மாதத்தில் விட்டது. சோர்வு விடவில்லை.

பயின்னவுங் சந்தையில் உளுந்து, துவரை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். மூட்டை தூக்கும் வேலை இல்லை. ஆனாலும் 11 மணிக்குள் ஓய்ந்துவிடுவேன். கூட்டிக்கொண்டே வரும்போது எந்த வரியில் இருக்கிறேன் என்பது மறந்துபோகும். வாங்க வந்தவரிடம் பர்மிய மொழியில் விலை பேசி, அதையே முதலாளியிடம் தமிழில் சொல்வதற்குள் தலை கனத்துவிடும். அதுவும் ஒரு உழைப்பு என்று அதற்கு முன் தோன்றியதே இல்லை. தூங்கி எழுந்தாலும் தெளிவு வராது. "ஆள் நல்லாத்தானேப்பா இருக்க" என்று முதலாளி கேட்டபோது அழுகை வந்துவிட்டது.

4-வது மாதம் ஒரு நரம்பு டாக்டரைப் பார்த்தேன். ரத்தச்சோகை, தைராய்டு எதுவும் இல்லை என்று முதலில் உறுதி செய்துகொண்டார். அப்புறம் விளக்கினார்: ரத்தக்கசிவும் எலும்பு முறிவும் சிடியில் தெரியும்; நுண்ணிய நரம்பிழைகள் இழுபட்டிருந்தால் தெரியாது. முன்பு தானாக நடந்ததை இப்போது மூளை பாடுபட்டுச் செய்கிறது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும்.

அவர் கண்டுபிடித்த தப்பு இதுதான்: தெம்பாக இருக்கும் நாளில் பாக்கி வேலை எல்லாவற்றையும் முடித்துவிட்டு, அடுத்த இரண்டு நாள் படுத்துக்கிடப்பேன். "களைத்த பிறகு நிறுத்தாதீர்கள், களைப்பதற்கு முன்பே நிறுத்துங்கள்" என்றார். போனில் அலாரம் வைத்து 25 நிமிடம் கணக்கு, 5 நிமிடம் கிடங்கில் மூட்டை மேல் சாய்ந்து கண்மூடல். நன்றாக இருக்கும் நாளிலும் அதே அளவுதான். எனக்கு அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. நாள் முழுக்கப் படுத்தே இருப்பதும் கூடாது என்றார். தினமும் காலையில் மகா பந்துலா பூங்காவில் தலைவலி வராத வேகத்தில் 10 நிமிடம் நடந்தேன். மெல்ல மெல்ல அரை மணி ஆனது.

இங்கே பால்கனிகளிலிருந்து நுனியில் கிளிப் கட்டிய கயிறு தெரு வரை தொங்கும். சாயங்காலம் காய்கறிப் பையை அதில் மாட்டச் சொல்லி என் மனைவி மேலிருந்து இழுத்துக்கொள்வாள். "நீங்க மட்டும் ஏறி வாங்க, பை தானா வரும்" என்பாள்.

10-வது மாதம் முழுநாள் வேலைக்குத் திரும்பினேன். கரண்ட் போய் ஜெனரேட்டர்கள் உறுமத் தொடங்கினால் மட்டும், இன்றைக்கும் நோட்டை மூடிவிட்டுக் கிடங்குக்குப் போய்விடுகிறேன். முதலாளி இப்போது எதுவும் கேட்பதில்லை.