“சாப்பிடுதா?” என்று கேட்டால் போதாது

கால்நடை மருத்துவராக வேலைக்குச் சேர்ந்த புதிதில், எந்த விலங்கு வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி “சாப்பிடுதா?” என்பதுதான். நாய்க்கும் பூனைக்கும் கேட்டுப் பழகிய கேள்வியை அப்படியே முயலுக்கும் கேட்டேன். “நல்லா சாப்பிடுதுங்க” என்று பதில் வரும். சரி, வாயில் பிரச்சினை இல்லை என்று முடிவுகட்டி, நோயை வேறு எங்கோ தேடிக்கொண்டிருப்பேன்.

அந்தப் பழக்கத்தை மாற்றியது பஞ்சு. மூன்று வயது வெள்ளை முயல். மகள் படிக்கப் போனபோது விட்டுச்சென்ற முயலை ஒரு பெரியவர் வளர்த்துவந்தார். “கண்ணுல தண்ணி வடிஞ்சுகிட்டே இருக்கு டாக்டரம்மா” என்று கொண்டுவந்தார். சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து வந்தபோதும் கண்ணீர் நிற்கவில்லை. 2.1 கிலோ இருந்த எடை 1.8 ஆகியிருந்தது. அவர் வீட்டில் அது யாருக்கும் தெரிந்திருக்காது. முயலின் அடர்ந்த ரோமம் இளைப்பை மூடிவிடும். முதுகில் கை வைத்தேன், முதுகெலும்பு ரம்பம் போல விரலில் பட்டது.

“சாப்பிடுதா ஐயா?”

“தட்டை வெச்சதும் ஓடி வருதும்மா.”

அவர் சொன்னது உண்மைதான். தரையில் ஒரு துண்டை விரித்து, பஞ்சுவை அதில் விட்டு, கொஞ்சம் கீரையை வைத்துவிட்டு நானும் அவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். பத்து நிமிடம் போயிருக்கும். மெல்ல வந்து முகர்ந்தது. ஒரு தண்டை ஆவலாகக் கவ்வி நாலைந்து முறை மென்றது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து அப்படியே நின்றது. பாதி நசுங்கிய இலை எச்சிலோடு வாயோரமாக வழிந்து துண்டில் விழுந்தது. அதையே மறுபடி எடுத்தது. மறுபடி விழுந்தது. முன்னங்கால்களின் உள்பக்கத்து ரோமம் ஈரத்தில் திரிதிரியாக ஒட்டியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். வாயில் ஒழுகியதைக் காலால் துடைத்துத் துடைத்து வந்த ஈரம் அது.

பசி இருந்தது, ஓடியும் வந்தது, மெல்லத்தான் முடியவில்லை.

முயலுக்கு மொத்தம் 28 பற்கள். எல்லாமே ஆயுள் முழுக்க வளரும். முன்பற்கள் வாரத்துக்கு 2 மில்லிமீட்டருக்கு மேல் வளரும். கடைவாய்ப்பற்கள் அதைவிட மெதுவாக. காய்ந்த புல்லைத் தாடையைப் பக்கவாட்டில் ஆட்டி அரைத்து அரைத்துத் தின்னும்போதுதான் அந்த வளர்ச்சி சரிக்குச் சரியாகத் தேயும். பெல்லட் என்ற உருட்டிய தீவனமோ தானியமோ கொடுத்தால் நறுக்கென்று மேலும் கீழுமாக உடைத்து விழுங்கிவிடும், அரைக்க வேலையே இருக்காது. தேயாத பல்லின் ஓரம் முள்ளாக நீளும். கீழ்த்தாடை மேல்தாடையைவிடக் குறுகலானது என்பதால் கீழ்ப்பல் முள் நாக்கைக் கிழிக்கும், மேல்பல் முள் கன்னத்தைக் குத்தும். மேலே நீள இடம் கிடைக்காத பல் வேர்ப்பக்கமாகவும் தாடைக்குள் இறங்கும். பஞ்சுவின் கண்ணீர் அங்கிருந்துதான் வந்தது. கண்ணீர்க் குழாய் மேல்தாடைப் பல்வேர்களை ஒட்டிப் போகிறது. வேர் நீண்டு அழுத்தினால் குழாய் அடைத்து, தண்ணீர் கண் வழியே வழியும். நான் இரண்டு வாரம் கண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தேன்.

முயலின் வாய் நீளமானது, திறப்பு மிகச் சிறியது. விழித்திருக்கும்போது சிறு விளக்குக் குழாயை நுழைத்துக் கொஞ்சம்தான் பார்க்க முடியும், முள் ஈர நாக்குக்கு அடியில் மறைந்துகிடக்கும். மயக்க மருந்து கொடுத்து, தலையை எக்ஸ்ரே எடுத்தால்தான் முழு விஷயமும் தெரியும். பஞ்சுவுக்கும் அப்படித்தான் செய்தோம். வலப்பக்கக் கீழ்ப்பல் ஒன்றில் ஊசி போல முள், அதற்கு நேராக நாக்கில் வெளுத்துப்போன புண். சுழலும் உராய்வுக் கருவியால் முள்ளை மழித்து எடுத்தேன். நீண்ட வேரை ஒன்றும் செய்ய முடியாது, அது இனி அப்படியேதான் இருக்கும். அதை அவரிடம் மறைக்காமல் சொன்னேன். ஒருமுறை வடிவம் கெட்ட பல் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. சில வாரங்களுக்கு ஒருமுறை பார்க்க வேண்டிவரும், சிலவற்றுக்கு ஆயுள் முழுக்க.

மயக்க மருந்து என்றதும் நினைவுக்கு வருகிறது. நாய்க்குச் சொல்வதுபோல “ராத்திரி எதுவும் கொடுக்காதீங்க” என்று முயலுக்கும் சொல்லிவிடுவார்கள். மயக்கத்தில் வாந்தி வந்துவிடக் கூடாது என்றுதான் நாய்க்கு அப்படி, முயலால் வாந்தியெடுக்கவே முடியாது. பட்டினி போட்டால் குடல்தான் நின்றுபோகும். அதனால் முந்தின நாள் மாலை நானே போன் செய்து, கொண்டுவரும்வரை புல் இருக்கட்டும் என்று சொல்லிவிடுவேன்.

முன்பல் விஷயத்தில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. தொடக்க காலத்தில், நீண்டு வளைந்த முன்பற்களை நகவெட்டியால் கத்தரிப்பதுதான் வழக்கம் என்று பார்த்துப் பழகியிருந்தேன். ஒரு குட்டிக்கு அப்படிக் கத்தரித்தபோது டக்கென்று சத்தம், பல் நெடுக்கில் விரிசல் விட்டது. சில மாதங்களில் தாடையில் கட்டியோடு வந்தது. முயலின் சீழ் கெட்டியானது, பற்பசை போல இருக்கும், கீறிவிட்டால் வடிந்துவிடாது. கட்டியை அதன் உறையோடும், கெட்ட பல்லோடும் எடுக்க வேண்டியிருக்கும். அந்தக் குட்டி பட்ட பாடு என்னால்தான். அதற்குப் பிறகு நகவெட்டியை நான் பல்லுக்குக் கொண்டுபோனதில்லை. பிறவியிலேயே முன்பல் பொருந்தாத முயல்களுக்கு, குறிப்பாக முகம் குட்டையான இனங்களுக்கு, ஆறு முன்பற்களையும் எடுத்துவிடலாம் என்று இப்போது தயங்காமல் சொல்கிறேன். உணவை நறுக்கிப் போட்டால் உதட்டாலேயே எடுத்துத் தின்று நன்றாக வாழும்.

இன்னொன்றையும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை முயலின் வாயில் ஊற்றாதீர்கள். குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் அழிந்து, பல்வலியோடு வந்த உயிர் வயிற்றுப்போக்கில் போய்விடும்.

பஞ்சுவுக்கு வலி மருந்து கொடுத்து, புல்மாவுக் கூழைச் சிரிஞ்சில் ஊட்டச் சொல்லி அனுப்பினேன். கடைவாயின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, விழுங்கும்வரை காத்திருக்க வேண்டும். பெரியவரின் கை நடுங்கும். ஆனாலும் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்து எழுந்து ஊட்டியிருக்கிறார். நாலாம் நாள் காலை, “புழுக்கை பெருசா போட்டிருக்கு டாக்டரம்மா, உருண்டையா!” என்று போன். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடியது.

அப்போதிருந்து என் கேள்வி மாறிவிட்டது. “எதை முதல்ல விட்டுச்சு?” என்று கேட்கிறேன். கடைவாய்ப் பல் வலித்தால் பெரும்பாலும் அரைத்துத் தின்னும் புல் முதலில் போகும், மெத்தென்ற உணவு கடைசிவரை நிற்கும். முன்பல் கெட்டால் நறுக்கிய துண்டைத் தின்னும், முழுக் கேரட்டைக் கடிக்காது. புழுக்கை சிறுத்திருக்கிறதா, மோவாய் நனைந்திருக்கிறதா, பின்பக்கம் அழுக்கு ஒட்டியிருக்கிறதா என்று வரிசையாகக் கேட்பேன். பன்னிரண்டு மணி நேரம் எதுவுமே தின்னாவிட்டால் விடியும்வரை காத்திருக்காமல் கூப்பிடுங்கள் என்றும் சொல்லிவிடுகிறேன்.

பெரியவர் ஒரு நோட்டு போட்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் எடை, பக்கத்தில் அந்த வாரம் தின்றதும் விட்டதும். ஏழாவது வாரம், எனக்கு ஓய்வான ஒரு பிற்பகலில் போன் வந்தது.

“எடை குறையலம்மா. நாற்பது கிராம் கூடத்தான். ஆனா நேத்துலேருந்து புல்லைத் தள்ளிட்டு இலையை மட்டும் பொறுக்குது. கூட்டிட்டு வரட்டுமா?”

“உடனே வாங்க ஐயா” என்றேன். முள் அப்போதுதான் முளைவிட்டிருந்தது, நாக்கில் புண் இல்லை. மயக்கம் தெளிந்த ஒரு மணி நேரத்தில், கூண்டின் மூலையில் கிடந்த புல்லில் ஒரு தாளை இழுத்து, தாடையைப் பக்கவாட்டில் ஆட்டி ஆட்டி மென்றது பஞ்சு. தாள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. பெரியவர் கூண்டுக்கு முன்னால் குனிந்து, கடைசித் துணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.