கால் படாத தீவும் எங்க ஊரு மணல் திட்டும்

போன மழைக்கு அப்புறம் தேவனாம்பட்டினத்துல, கெடிலம் கடல்ல சேர்ற முகத்துவாரத்துக்கிட்ட ஒரு புது மணல் திட்டு வந்துருக்கு, சின்னது தான், பத்து படகு நிறுத்தலாம். பெரியப்பா வலைய சரி பண்ணிக்கிட்டே "கடலு போட்ட மண்ணு, கடலே எடுத்துக்கும்டா"ன்னாரு. எனக்கு அத பாத்ததுல இருந்து சர்ட்சே தீவு ஞாபகம் தான்.

அது ஐஸ்லாந்துக்கு தெற்கால இருக்கு. 1963 நவம்பர் 14 காலைல மீன் பிடிக்கப் போன போட்ல இருந்தவங்க கடல்ல புகைய பாத்து, ஏதோ கப்பல் தீப்பிடிச்சிருச்சுன்னு கிட்ட போனா, 130 மீட்டர் ஆழத்துல எரிமலை வெடிச்சு மேல வந்துக்கிட்டு இருக்கு! 1967 ஜூன் வரைக்கும் நெருப்பு கக்கி ஒரு தீவே ஆயிடுச்சு. 65லயே அத பாதுகாத்துட்டாங்க, விஞ்ஞானிங்கள தவிர யாரும் எறங்கக்கூடாது, அவங்களும் துணில ஷூல ஒரு விதை கூட ஒட்டாம செக் பண்ணிட்டு தான் போகணும். ஒண்ணுமே இல்லாத மண்ணுல உயிர் எப்படி, எந்த வரிசைல வருதுன்னு பாக்கணும்னா இது தான் ஒரே வழி.

65லயே கடல் தண்ணில மிதந்து வந்த விதைல முதல் செடி முளைச்சுது. அப்புறம் பாசி, பறவைங்க. கடல் காக்கா கூட்டமா கூடு கட்டுன பிறகு அதுங்க எச்சமே உரமாகி அந்த இடம் மட்டும் பச்சைப்பசேல்னு ஆயிடுச்சு. ஒரு தடவ லாவாக்கு நடுவுல தக்காளி செடி இருந்துச்சாம். ஆராய்ச்சிக்கு வந்த யாரோ அங்கயே ஒதுங்குனதுல வயித்துல இருந்த விதை முளைச்சிருக்கு. உடனே புடுங்கிட்டாங்க, செடி மேல கோவம் இல்ல, மனுஷன் கொண்டாந்ததையும் சேத்து எண்ணிட்டா மொத்த கணக்கும் பொய்யாயிடும்.

அலை அரிச்சு அரிச்சு அந்த தீவும் இப்போ பாதி தான் இருக்கு. பெரியப்பாகிட்ட சொன்னேன், "நான் சொல்லல?"ன்னாரு.

நம்ம திட்டுல ராவணன் மீசைங்கிற கடக்கரை புல்லோட விதை உருண்டை ஒண்ணு காத்துல உருண்டு வந்து ஈர மண்ணுல சிக்கி நிக்குது, முள்ளு முள்ளா, தேங்கா சைஸ்ல. ஓரத்துல அடப்பங்கொடி ரெண்டே எலையோட முளைச்சிருக்கு, ஆட்டுக்கால் குளம்பு மாதிரியே. நான் கரைல இருந்தே போன்ல ஜூம் பண்ணி தேதி போட்டு வெச்சிக்கிறேன். கிரிக்கெட் ஆடுற பசங்ககிட்ட அங்க போகாதீங்கடான்னு கேட்டுக்கிட்டேன், சரிண்ணாங்க. இப்பல்லாம் வலை கட்டிட்டு திரும்பும்போது பெரியப்பாவே கேக்குறாரு, "கொடி எத்தன எலை விட்டுருக்கு?"