மெனுஹினின் வில் உதிராமல் நிமிர்ந்த செய்திப்படம்

வாங்கிய நாள் முதல் குழாய்போல் சுருண்டே கிடந்த, வயலின் கலைஞர் யெஹூதி மெனுஹினின் பழைய செய்திப்படம் (நாளிதழில் அச்சிடுவதற்கான புகைப்படம்), அவருடைய வயலின் வில்லின் மேல் தீட்டப்பட்டிருந்த வெள்ளை வண்ணம் துளியும் உதிராமல், இப்போது மேசையில் தட்டையாகக் கிடக்கிறது என்பதைச் சற்றுப் பெருமையுடனேயே எழுதுகிறேன்.

விற்றவர் இதை 1930களின் படம் என்றார். படத்தின் பின்புறம் அவ்வளவு உறுதியாகப் பேசவில்லை. செய்திப்படங்களை விற்ற அக்மி நிறுவனத்தை யுனைடெட் பிரஸ் செய்தி நிறுவனம் 1952இல் வாங்கிக்கொண்டதால், பின்புறத்திலுள்ள அக்மியின் முத்திரை படத்தின் காலத்துக்கு மேல்வரம்பைத் தருகிறது. நாளிதழ் நூலகத்தின் 1943ஆம் ஆண்டு முத்திரையோ படம் கோப்பில் சேர்ந்த நாளை மட்டுமே காட்டும். 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் தாள் ஒளிரவில்லை என்பதும் இக்கணக்கோடு ஒத்துப்போகிறது. ஒளிர்வூட்டி (தாளை வெண்மையாகக் காட்டும், புற ஊதாவில் ஒளிரும் வேதிப்பொருள்) சேர்த்த புகைப்படத் தாள்கள் 1950களில்தான் பரவின.

அக்கால நாளிதழ் அச்சில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 65 புள்ளி வரிசைகளே இருந்ததால், கறுப்புக் கோட்டின் மேல் மெல்லிய வில் காணாமற்போய்விடும் என்று அறிந்த நாளிதழ் ஓவியர் அதன் விளிம்பை வெள்ளையால் தீட்டியிருக்கிறார். இதைக் கறை என்று நினைத்துத் துடைத்துவிடும் சேகரிப்பாளர்களை எண்ணினால் எரிச்சல் வருகிறது. அந்த வண்ணம் நீரில் கரையும். சுருளை நீக்கவோ ஈரம் வேண்டும். சிக்கல் முழுவதும் இங்கேதான்.

புகைப்படத்தின் முகத்தில் பிம்பத்தைத் தாங்கும் ஜெலட்டின் படலம் உலர்ந்தால் சுருங்கித் தாளைத் தன் பக்கம் இழுக்கிறது. ஆகவே மூடிய பெட்டியின் அடியில் நனைத்த ஒற்றுத்தாளை விரித்து, அதற்கு மேலே வலைத்தட்டில் படத்தை முகம் மேலாக வைத்து, ஈரப்பதமானியை விட்டுக் கண்ணை எடுக்காமல் காத்திருந்தேன். ஈரப்பதம் எழுபது விழுக்காட்டைத் தாண்டிப் போனால் ஜெலட்டினும் வண்ணத்தின் பசையும் இளகத் தொடங்கும் என்பதால், மூலைகள் தாமாகத் தளர்ந்த கணமே படத்தை வெளியே எடுத்துவிட வேண்டும். முழுவதும் நிமிரட்டும் என்று ஆசைப்படக் கூடாது. மிச்சத்தை எடை பார்த்துக்கொள்ளும். வண்ணம் தொட்டால் ஒட்டவில்லை என்று உறுதியான பிறகே, முகத்தின் மேல் சிலிக்கோன் பூசிய தாளை இட்டு, இருபுறமும் உலர்ந்த ஒற்றுத்தாள் அடுக்கி, கனமான புத்தகங்களை ஏற்றினேன். கண்ணாடியை நேராக வைத்து அழுத்துவோர் உண்டு. ஈர ஜெலட்டின் அதில் ஒட்டிக்கொண்டு திட்டுத்திட்டாகப் பளபளக்கும்.

தடித்த ஒற்றுத்தாள் எழுதுபொருள் கடைகளில் இப்போது அரிதாகிவிட்டது. ஓவியப் பொருள் கடையில் அச்சோவியர்களுக்கு விற்கும் பெரிய தாளை வாங்கி வெட்டிக்கொள்வது மலிவு. பாலியஸ்டர் உறை இப்படத்துக்கு ஆகாது, அதன் நிலைமின்சாரம் வண்ணத் துகள்களை இழுத்துவிடும். அமிலமற்ற தாளில் நான்கு மடிப்பு உறை செய்ய அளவெடுத்திருக்கிறேன்.

பின்புறத்தில் விவரச் சீட்டை ஒட்டிய ரப்பர் பசையின் பழுப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. அதைத் தொடுவதற்குள், நேருவின் அழைப்பில் 1952இல் மெனுஹின் இந்தியா வந்தபோது எடுத்த செய்திப்படம் ஏதேனும் கிடைக்குமா என்று தேடத் தொடங்கிவிட்டேன்; யோகா ஆசான் பி. கே. எஸ். ஐயங்காரோடு அவர் நிற்கும் படமாக இருந்தால் விலை பேசவே மாட்டேன்.